முன்வாரம் போலவே

பிப்ரவரி 6, வெள்ளி

முப்பத்தேழு பேர் எழுதிவிட்டார்கள். நான்கு பேர் எழுதவில்லை. வாராவாரம் இதே கூத்துதான்.

உன் வேலை என்ன என்று யாராவது கேட்டால் (யாரும் கேட்பதில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன்) இப்படித்தான் சொல்வேன். எங்கள் துறையில் நாற்பத்தொரு ஆய்வு மாணவர்கள் உதவியாளர்களாகவும் இருக்கிறார்கள். வகுப்பெடுக்கிறார்கள், விடைத்தாள் திருத்துகிறார்கள், ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுகிறார்கள். அவர்களிடம் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அவரவர் வேலை செய்த நேரத்தை வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் கணினியில் பதிய வேண்டும். நான் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு தாண்டினால் அந்த வாரச் சம்பளம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

பிள்ளைகள் மறப்பார்கள். வயது அப்படி. அதற்குத்தான் என் திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது: 'முன்வாரம் போலவே'. அழுத்தினால் போன வாரம் எழுதிய நேரம் அப்படியே இந்த வாரத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவர்களே எழுதியது போல. நான் அழுத்தினேன் என்று எங்கும் பதிவாகாது. விடுமுறைக் காலத்துக்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. விதியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் வாடகைக்கு என்ன செய்வார்கள்? பதினான்கு வருடத்தில் என் கையில் ஒருவருக்கும் சம்பளம் தவறியதில்லை. இதற்காக எனக்கு யாரும் சிலை வைக்கப் போவதில்லை, சரி.

பெரும்பாலானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'இருபது' என்று எழுதுகிறவர்கள். முப்பது மணி நேரம் முதுகொடிந்தவனும் இருபது, பன்னிரண்டு மணி நேரம் ஒப்பேற்றியவனும் இருபது. ஒருத்தி மட்டும் விதிவிலக்கு. திங்கள் மூன்றே கால், செவ்வாய் நாலே முக்கால், புதன் இரண்டரை என்று மருந்து அளப்பதுபோல் எழுதுவாள். அவளுக்குக் கால்மணி என்று பெயர் வைத்திருக்கிறேன், மனதுக்குள்தான். விடைத்தாள் திருத்துகிறவள். இரண்டு வருடத்தில் மூன்று முறை நேரில் பார்த்திருப்பேன். வாசலிலேயே நின்று, கேட்க வந்ததைக் கேட்டுவிட்டுப் போய்விடுவாள். வியாழன் மாலையே நேரம் எழுதிவிடும் ஒரே ஆள்.

இந்த வாரம் அவளும் எழுதவில்லை. கால்மணிக்கே மறதி வந்துவிட்டதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

நால்வருக்கும் பொத்தானை அழுத்தினேன். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் கடைக்காரரிடம் "சில்லறை இல்ல" என்றேன். மாலை தங்கை போன் செய்யும்வரை இன்றைய என் பேச்சு அவ்வளவுதான்.

தங்கை வழக்கம்போல ஆரம்பித்தாள். "அக்கா, ரிடையர் ஆனதும் எங்க வீட்டுக்கே வந்துடேன். அங்க தனியா உக்காந்து என்னத்த பண்ணப் போற?" இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, இப்போதே படுக்கையை உதறிப் போடாதே என்றேன். சிரித்தாள். பின்னால் அவள் வீட்டில் யாரோ கூப்பிட்டார்கள், "இரு, வரேன்" என்று போனவள் திரும்ப எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர்கள் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நானே வைத்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

இந்த வாரம் எழுதாதவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி மறுபடியும் கால்மணி. என் போனிலிருந்தே செய்தி அனுப்பினேன்: "நேரம் பதியவில்லை. நினைவூட்டல்." பதில் இல்லை. பெரிய மனுஷி ஆகிவிட்டாள் போலிருக்கிறது. இன்று விட்டால் இருபதாம் தேதிச் சம்பளத்தில் துண்டு விழும். பிழைத்துப் போகட்டும் என்று அழுத்தினேன்.

ஒரு நன்றிகூட வராது. வரவேண்டாம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று எனக்கு ஐம்பத்து நான்கு வயது முடிந்தது. காலை ஒன்பது மணிக்கு அலுவலகக் கணினியில் ஒரு கடிதம் வந்திருந்தது. "அன்புள்ள பணியாளரே, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்." வேலை மும்முரத்தில் 'மிக்க நன்றி' என்று பதில் அனுப்பிவிட்டேன். உடனே திரும்பி வந்தது: இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப இயலாது.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். யாரிடமாவது சொன்னால் இன்னும் நன்றாகச் சிரித்திருக்கலாம். நிர்வாக அதிகாரியின் அறைவரை போனேன். அவர் போனில் இருந்தார், என்ன என்று புருவத்தைத் தூக்கினார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தங்கை மறந்துவிட்டாள். அவளுக்கும் தலைக்கு மேல் வேலை.

பிப்ரவரி 20, வெள்ளி

கால்மணி மூன்றாவது வாரம். அழுத்தினேன். தலைவலி.

பிப்ரவரி 24, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலை பத்தரைக்கு அவளுடைய பேராசிரியர் வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். நின்றபடியே பேசினார். "மேடம், அந்தப் பொண்ணு எங்க உக்காந்து பேப்பர் திருத்துது? மூணு வாரமா கண்ணுல படல. போன் பண்ணாலும் எடுக்கல. வாராவாரம் நேரம் ஒப்புதல் ஆகுதே, சரி, லைப்ரரியில எங்கயோ இருக்கும்னு நினைச்சேன். ஆனா ஒரு பேப்பர்கூட திரும்பி வரலையே."

மூன்று வாரமும் அவள் நேரத்தைப் போட்டது நான். "கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன். அந்த நிலையிலும் வாயில் அதுதான் வந்தது.

கோப்பில் அவள் முகவரியைப் பார்த்துவிட்டு நடந்தே போனேன். கால் மணி நேர நடை. இரண்டு வருடமாக இவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். வாடகை அறைகள் அடுக்கிய பழைய கட்டடம். நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. பக்கத்து அறைப் பெண் தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அவங்களா? ஊருக்குப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்." கதவைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். "ஆபீஸ்ல இருந்து வந்திருக்கேன்மா, கதவத் திறம்மா, திறந்துடும்மா..." கடைசியில் என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ரொம்ப நேரம் கழித்துத் தாழ்ப்பாள் அசைந்தது.

எலும்பும் தோலுமாக நின்றாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. தலைமுடி ஒரே சிக்கு. உள்ளே திரை இழுத்து மூடியிருந்தது, புழுங்கிய வாடை. மேசையில் பூஞ்சை பிடித்த ரொட்டி. அதன் பக்கத்தில் விடைத்தாள் கட்டு, ஓரம் பிசகாமல் அடுக்கியபடி. மேலே இருந்த தாள் பாதி திருத்தியிருந்தது. சிவப்புப் பேனா மூடாமல் கிடந்து காய்ந்து போயிருந்தது.

என்னைப் பார்த்து அவள் சொன்னது: "பேப்பர் முடிக்கல மேடம். சாரி."

அவளை அப்படியே பிடித்துக்கொண்டேன். எடையே இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. உடம்பில் தண்ணீர் சுத்தமாக வற்றிவிட்டது, மனதுக்கும் சிகிச்சை வேண்டும் என்றார் மருத்துவர். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா" என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பிப்ரவரி 25, புதன்

மூன்று முறை. ஒரு முறை இல்லை, மூன்று முறை அழுத்தியிருக்கிறேன்.

மார்ச் 3, செவ்வாய்

அடுத்த இடி இப்படி விழுந்தது. தணிக்கைப் பிரிவிலிருந்து அவளுக்குக் கடிதம் போயிருக்கிறது, நகல் எங்கள் அலுவலகத்துக்கு. நான்கு வாரமாக ஒரே எண்கள் — மூன்றே கால், நாலே முக்கால், இரண்டரை, கடைசி முக்கால்வரை அச்சு மாறாமல். எல்லா வாரமும் இருபது எழுதுகிறவர்கள் யார் கண்ணிலும் படவில்லை. உண்மை எழுதினவள் மாட்டிக்கொண்டாள். பேராசிரியரிடம் கேட்டிருக்கிறார்கள். பிப்ரவரி இரண்டாம் தேதிக்குப் பிறகு அவள் வரவே இல்லை என்று அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். 'செய்யாத வேலைக்கு ஊதியம் கோரியது குறித்து பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.' விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் உதவியாளர் பணி போய்விடும். அது போனால் கட்டணச் சலுகை போகும். சலுகை போனால் அவளுக்கு இங்கே படிப்பு இல்லை.

கோரியது அவளா? அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாளே.

இது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

மருத்துவமனைக்குப் போனேன். அவள் அம்மா வந்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே போய்ப் பார்த்தீங்க, நீங்க நல்லா இருக்கணும்" என்று அழுதார். எனக்குக் கையை உருவிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அம்மா டீ வாங்கப் போன நேரத்தில் அவளிடம் சொல்லிவிட்டேன். பொத்தானைப் பற்றி, மூன்று வெள்ளிக்கிழமைகளைப் பற்றி. சம்பளம் தவறக்கூடாது என்றுதான் செய்தேன் என்று சேர்த்துக்கொண்டேன். எதற்குச் சேர்த்தேனோ.

அவள் சத்தம் போடவில்லை. மெல்லத்தான் பேசினாள். "சம்பளம் வந்துடுச்சுன்னு போன்ல மெசேஜ் வந்துச்சு மேடம். படுத்துக்கிட்டே பார்த்தேன். நான் போகவே இல்ல, ஆனா முழுச் சம்பளம் வந்திருக்கு. அப்போ நான் வந்தாலும் வராட்டாலும் ஒண்ணுதான் போலன்னு நினைச்சேன்."

போர்வையின் ஓரத்தைச் சரியாக மடித்துவிட்டு: "நீங்க அதைப் போடாம இருந்திருந்தா யாராவது கதவத் தட்டியிருப்பாங்க."

நான் உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. பதினான்கு வருடம்! அவள் காணாமல் போனதற்கு ஒரே அடையாளம் அந்தக் காலிக் கட்டம்தான். அதை வாராவாரம் உட்கார்ந்து நிரப்பியவள் நான்.

அம்மா எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். குடித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

தங்கையிடம் சொன்னேன். பொரிந்து தள்ளினாள். "அக்கா, நீ வாயைத் திறக்காத. அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னு டாக்டர் சீட்டு இருக்கு, பாவம்னு விட்டுடுவாங்க. உன்னை விடுவாங்களா? பென்ஷன்ல கை வச்சுட்டா உனக்குன்னு யாரு இருக்கா?"

"நீ இருக்கேன்னு நினைச்சேன்" என்றேன்.

"அதைச் சொல்லலக்கா..." என்று இழுத்தாள். அவளையும் குறை சொல்ல முடியாது. பயந்துவிட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

நிர்வாக அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். எழுந்து போய் கதவைச் சாத்தினார். "மேடம், அந்தப் பொத்தான் விஷயம் எனக்குத் தெரியாது. நீங்களும் என்கிட்ட சொல்லல. புரியுதா? எழுத்துல எதுவும் வேணாம்."

"அந்தப் பொண்ணு?"

"மன்னிச்சு விட்டுடுவாங்க."

"விடலைன்னா?"

"அப்போ பார்த்துக்கலாம்."

பதிலுக்கு என்ன சொன்னேன்? "சரி சார்." வெட்கம் கெட்டவளே, சரி சார் என்று சொன்னாய்.

மார்ச் 12, வியாழன்

தணிக்கைப் பிரிவுக்கு இன்றும் எழுதவில்லை. தாள் எடுத்தேன், தேதி போட்டேன், மடித்து வைத்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. இந்த வேலை போனால் காலையில் எழுந்து நான் எங்கே போவது? சம்பளம்கூட இரண்டாவதுதான். ஒன்பது மணிக்கு ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்று ஒருவர் எதிர்பார்க்கிறார் பாருங்கள், அது போய்விடும். கணினியில் பிறந்தநாள் வாழ்த்துக்கூட வராது.

மார்ச் 13, வெள்ளி

இன்று ஐந்து பேர் எழுதவில்லை. அழுத்தவில்லை. ஐவருக்கும் போன் செய்தேன். ஒருவன் தூக்கக் கலக்கத்தில், "அய்யோ மேடம், நீங்களே போட்டுடுங்களேன்" என்றான். முடியாது, எழுந்து எழுது என்றேன். ஒருத்தி அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தாள். ஒருவனுக்குக் கை ஒடிந்து கட்டுப் போட்டிருக்கிறதாம். மூன்று வாரமாக அவனும் இருபது மணி நேரம்தான், ஒற்றைக் கையால்! கடைசியாக எடுத்தவன் இருபது நிமிடம் பேசினான். பேச ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. எனக்கும்தான்.

அந்தப் பேச்சு முடிந்த கையோடு, மடித்து வைத்த தாளை எடுத்து எழுதிவிட்டேன். ஒரு பக்கம். அந்த மூன்று வார நேரத்தையும் பதிந்தது நான், அந்த மாணவிக்குத் தெரியாது. இதற்கு முன்பும் பலருக்கு இப்படிச் செய்திருக்கிறேன். கடைசியில் ஒரு வேண்டுகோள்: யாருடைய கட்டமாவது காலியாக இருந்தால், வேறு எதுவும் செய்வதற்கு முன் அவர்களை ஒருமுறை கூப்பிட்டுப் பேச வேண்டும்.

தணிக்கைப் பிரிவில் நானே போய்க் கொடுத்தேன். வாங்கிய பெண் முத்திரை குத்தி, "நகல் வேணுமா?" என்று கேட்டாள். வேண்டும் என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான். நடுவில் இருந்தவர் கேட்டார்: "இதனால உங்களுக்கு என்ன லாபம்?"

யோசித்துப் பார்த்தேன். "யாருக்கோ வேண்டியவளா இருக்கேன்னு ஒரு நினைப்பு சார்" என்றேன்.

அவர் பேனா அப்படியே நின்றது. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

அவள் மேல் தவறில்லை என்று உத்தரவு வந்துவிட்டது. மருத்துவ விடுப்பு, இடம் அப்படியே இருக்கும், ஆகஸ்டில் சேர்ந்துகொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன். அலுவலகத்தில் முதல் முறை.

எனக்கு: இரண்டு வருட ஊதிய உயர்வு ரத்து. ஒப்புதல் அதிகாரம் பறிப்பு. பழைய கோப்பு அறைக்கு மாற்றம். அந்தப் பொத்தானை எல்லாத் துறைகளிலும் எடுத்துவிட்டார்கள். என் வேண்டுகோளுக்குப் பதில் எதுவும் இல்லை.

நிர்வாக அதிகாரி இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

ஏப்ரல் 6, திங்கள்

கோப்பு அறை கீழ்த்தளத்தில். ஜன்னல் இல்லை. நானும், இருபது வருடக் காகிதமும். காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை ஒருவர் வந்தார். அவரும் வழி தவறி வந்தவர்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அவளை மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று மாத ஆரம்பத்திலேயே பேராசிரியர் மூலம் தெரிந்தது. அதே அறைதான். அம்மா வேலையில் விடுப்பு முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டாராம்.

மாலையில் அந்தப் பக்கம் போனேன். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். நான்காவது மாடியில் திரை விலகியிருந்தது, விளக்கு எரிந்தது. அது போதும் என்று திரும்பிவிட்டேன். போன ஞாயிறும் இதே கதைதான், அதை இங்கே எழுதவில்லை.

எந்த முகத்தோடு மேலே போவது? "யாராவது கதவத் தட்டியிருப்பாங்க" என்றவளின் கதவை நான் தட்டுவதா?

ஏப்ரல் 19, ஞாயிறு

மாலை ஆறரைக்கு எதிர்ச்சாரியில் நின்றேன். விளக்கு எரிந்தது. திரும்பலாம் என்று இரண்டு அடி வைத்திருப்பேன், போன் அடித்தது. அவள்.

"கீழ நிக்கறது நீங்கதானே?"

"ஆமாம்மா" என்றேன்.

"மூணு வாரமா பாக்கறேன். பாத்துட்டுப் பாத்துட்டுப் போறீங்க." குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தைக் கேட்கவே நன்றாக இருந்தது. "ஒண்ணு மேல வாங்க, இல்ல வீட்டுக்குப் போங்க. சும்மா அங்க நிக்காதீங்க."

ஏறினேன். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்றேன். கதவை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள். மேசையில் மாத்திரை டப்பா, ஒரு புத்தகம், இரண்டு வாழைப்பழம். ஒன்றை என்னிடம் கொடுத்தாள்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "நீங்க தணிக்கைக்குக் குடுத்த கடிதத்த படிச்சேன்" என்றாள். "அம்மாகிட்ட இன்னும் சொல்லல. அவங்க இன்னும் உங்களுக்காக வேண்டிக்கிட்டு இருக்காங்க."

"சொல்லிடும்மா" என்றேன்.

"சொல்றேன். கொஞ்ச நாள் போகட்டும்."

பிறகு ஆளுக்கொரு பழத்தை உரித்தோம். கீழே தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். பதினெட்டாவது உதையில் கிளம்பியது. இருவரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம். அவள்தான் முதலில் சிரித்தாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டேன். அவள் கதவுப் பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த ஞாயிறு வர்றதா இருந்தா சொல்லிட்டு வாங்க மேடம். வரலைன்னாலும் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.